வக்கீல் அலுவலகத்தின் மெயில், கோப்பு, பேக்கப்: பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

கோப்புக்காரன் கேட்டது:

எட்டு வக்கீல்கள், நான்கு ஜூனியர்கள், மூன்று குமாஸ்தாக்கள், ஒரு கணக்காளர் இருக்கும் அலுவலகம். கணினி விஷயம் என்றால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். இப்போதைய நிலவரம் இது.

மெயில் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்டில். உள்ளே நுழைய பாஸ்வேர்டும் எஸ்எம்எஸ் ஓடிபியும். கேஸ் கட்டுகளின் ஸ்கேன், மனுக்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாக எல்லோரும் பகிரும் டிஸ்க் பெட்டி), சுமார் 2 டிபி. எல்லோருக்கும் எல்லா ஃபோல்டரும் திறக்கும். பேக்கப் என்பது அதே நாஸில் எப்போதும் செருகியே இருக்கும் ஒரு யுஎஸ்பி டிஸ்க். வீட்டிலிருந்து வேலை பார்க்க ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து ரிமோட் டெஸ்க்டாப் கொடுத்திருக்கிறது. ஆன்டிவைரஸ் எல்லாக் கணினியிலும் உண்டு.

ஒரு நிறுவனக் கட்சிக்காரர் 60 கேள்விகள் கொண்ட பாதுகாப்புப் படிவம் அனுப்பியிருக்கிறார். பாதிக்கு மேல் ‘இல்லை’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். சீனியரோ, ‘நாம என்ன பேங்க்கா? நம்மை யார் வந்து ஹேக் பண்ணப் போறாங்க?’ என்கிறார். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடிக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. எதை முதலில் தொடுவது, எதைத் தள்ளிப்போடலாம்? பணம் அனுப்பும் விஷயத்தில் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?


நள்ளிரவு அட்மின்:

இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த 3389-ஐ மூடுங்கள். மற்றதெல்லாம் பிறகு. போர்ட் எண்ணை மாற்றி வைப்பது மூடியதாகாது. இணையம் முழுவதையும் ஸ்கேன் செய்யும் கருவிகள் எந்த எண்ணில் வைத்தாலும் கண்டுபிடித்துவிடும். மூடிய பிறகு விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்கு வரும் பூட்டிய பாதை), அதற்கும் இரண்டாம் காரணி (பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இன்னொரு சான்று). விபிஎன் பெட்டியின் ஃபர்ம்வேரை (அதற்குள் ஓடும் மென்பொருள்) நாளும் கிழமையும் பார்த்துப் புதுப்பிக்க ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அந்தப் பெட்டியே வாசலாகிப்போன சம்பவங்கள் ஏராளம்.

மூடியதோடு நிற்க வேண்டாம். இதுவரை யாராவது நுழைந்தார்களா என்று பார்க்க வேண்டும். விண்டோஸின் செக்யூரிட்டி லாகில் (நுழைவுப் பதிவேடு) 4625 என்ற எண் இருந்தால் தோற்ற முயற்சி. 4624-இல் லாகான் டைப் 10 இருந்தால் ரிமோட்டில் வெற்றிகரமாக நுழைந்திருக்கிறார்கள். செக்யூரிட்டி லாகின் இயல்பு அளவு வெறும் 20 எம்பி. ஓயாமல் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்க்கும் கணினியில் சில நாளிலேயே பழைய பதிவு அழிந்துபோகும். அதனால் டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர் லாகில் 21 என்ற ஈவென்ட்டையும் பாருங்கள். அது தனிக் கோப்பு என்பதால் கூடுதல் காலத்துக்கு நிற்கும். தெரியாத ஐபி ஒன்று இருந்தாலும், புதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தள்ளிவைத்துவிட்டு, ‘உள்ளே ஆள் இருக்கிறான்’ என்ற கணக்கில் வேலையைத் தொடங்குங்கள்.

சீனியரின் கேள்விக்கு மூன்று சம்பவம் சொல்லுங்கள். 2016-இல் பனாமாவின் மொசாக் ஃபொன்சேகா என்ற சட்ட நிறுவனத்திலிருந்து 1.15 கோடி ஆவணங்கள், 2.6 டிபி, கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், நியூயார்க் சட்ட நிறுவனங்களின் மெயில்களைத் திருடி, நிறுவன இணைப்புச் செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பங்கு வாங்கி 40 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்ததாக மூன்று பேர் மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. கட்சிக்காரரின் கோட்டையை உடைப்பதைவிட அவருடைய வக்கீலின் கதவைத் தள்ளுவது சுலபம் என்பது திருடனுக்குத் தெரியும்.

மூன்றாவது இன்னும் முக்கியம். 2017 ஜூன் 27 அன்று டிஎல்ஏ பைப்பர் என்ற உலகளாவிய சட்ட நிறுவனத்தின் போனும் மெயிலும் ஒரே நாளில் நின்றுபோயின. காரணமான நாட்பெட்யா என்ற வைரஸ் அவர்களைக் குறிவைத்து வந்ததே இல்லை. உக்ரைனில் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவியது. பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) போட்ட கணினிகளும் அதில் விழுந்தன. காரணம், ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து அட்மின் பாஸ்வேர்டை எடுத்து, அதே பாஸ்வேர்டால் அடுத்த கணினிக்குப் போனது. உங்கள் அலுவலகத்தில் எல்லாக் கணினிக்கும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்டுதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். விண்டோஸிலேயே லாப்ஸ் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக வைத்து, தானே மாற்றிக்கொள்ளும்.

இனி மெயில். எஸ்எம்எஸ் ஓடிபி இல்லாததற்கு இருப்பது மேல், ஆனால் இன்றைய மோசடிப் பக்கங்கள் ஓடிபியைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. போலி லாகின் பக்கம் நீங்கள் தட்டுவதை அப்படியே உண்மையான பக்கத்துக்குக் கடத்தும். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் நீங்களே போடுவீர்கள், மைக்ரோசாஃப்ட் தரும் செஷன் குக்கீ (உள்ளே நுழைந்ததற்கான அடையாளச் சீட்டு) நடுவில் இருப்பவன் கைக்குப் போகும். ஆப்பில் வரும் எண்ணுக்கும் இதே கதிதான். இதைத் தடுப்பது பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதில் போனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) ஃபைடோ2 சாவியும் (யுஎஸ்பியில் செருகும் சாவி). அந்தச் சாவி டொமைன் பெயரோடு கட்டப்பட்டது; போலி டொமைனில் அது கையெழுத்தே போடாது. ஆளுக்கு இரண்டு சாவி: ஒன்று கையில், ஒன்று அலுவலக லாக்கரில். இரண்டாவது இல்லாவிட்டால், தொலைத்த அன்று அவசரத்தில் எஸ்எம்எஸ்ஸை மறுபடி திறந்துவிடுவீர்கள், அதோடு எல்லாம் போச்சு. முதலில் அட்மின், கணக்காளர், சீனியர்கள், பிறகு மற்றவர்கள்.

சாவியை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, பழைய முறையை அணைக்கவும் வேண்டும். ‘வேறு வழியில் நுழைக’ என்ற இணைப்பு இருக்கும்வரை போலிப் பக்கம் அதைத்தான் கேட்கும். இன்ன ஆளுக்கு இன்ன முறை மட்டும் என்று கட்டாயப்படுத்த கண்டிஷனல் ஆக்சஸ் தேவை. அது ஸ்டாண்டர்டில் கிடையாது, பிசினஸ் பிரீமியத்தில் உண்டு; கூடவே கணினிகளைக் கண்காணிக்கும் டிஃபெண்டரும் இன்ட்யூனும் வரும். ஆன்டிவைரஸுக்குத் தனியாகக் கொடுக்கும் பணத்தை இதற்குத் திருப்பிவிடலாம். நான் ஒரே ஒரு செலவுக்குத்தான் சம்மதம் வாங்க முடியும் என்றால் இதற்குத்தான் வாங்குவேன்.

அப்புறம், ஸ்கேன் செய்து மெயிலுக்கு அனுப்பும் அந்த ஜெராக்ஸ் மெஷின். அதற்கென்று ஒரு மெயில் கணக்கு, எளிய பாஸ்வேர்ட், இரண்டாம் காரணி கிடையாது, எஸ்எம்டிபி ஆத் (பாஸ்வேர்ட் மட்டும் வைத்து மெயில் அனுப்பும் பழைய வழி) திறந்திருக்கும். பெரும்பாலான அலுவலகங்களில் மறந்துபோன வாசல் இதுதான். ஸ்கேன் மெயிலுக்குப் போவதற்குப் பதில் உள் நெட்வொர்க்கில் ஒரு ஃபோல்டருக்குப் போகட்டும்.


சாட்சிக் கூண்டு:

பணம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். என் கணக்கில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேரைவிட இதுதான் சின்ன அலுவலகங்களைச் சாய்க்கிறது.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது: திருடன் உட்கார்ந்திருப்பது உங்கள் மெயில்பாக்ஸில்தான் என்றில்லை. கட்சிக்காரர், எதிர்த்தரப்பு வக்கீல், தரகர் என்று யாருடைய பெட்டியிலும் இருக்கலாம். வாரக்கணக்கில் படித்துக்கொண்டு சும்மா இருப்பான். கிரயம் முடியும் நாள், சமரசத் தொகை கைமாறும் நாள் என்று தேதி தெரிந்ததும், அதே மெயில் சங்கிலியில், அதே நடையில், ‘ஆடிட் நடப்பதால் வேறு கணக்குக்கு அனுப்பவும்’ என்று எழுதுவான். பெரும்பாலும் வார இறுதிக்கு முந்தைய மாலை. உங்கள் பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அடுத்தவர் பெட்டி திறந்திருந்தால் இது வரும். அதனால் இதற்கு மருந்து மென்பொருளில் இல்லை, அலுவலக நடைமுறையில்.

வக்காலத்து வாங்கும் நாளிலேயே கட்சிக்காரரின் போன் எண்ணை நேரில் வாங்கிக் கட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கணக்கு எண் புதிதாக வந்தாலும், மாறினாலும், அந்த எண்ணுக்கு நீங்கள் கூப்பிட வேண்டும். மெயிலின் அடியில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. அவர்களாகக் கூப்பிட்டு ‘நான்தான் பேசுகிறேன்’ என்றால் அது சரிபார்ப்பு ஆகாது. குரலைப் போலி செய்யும் கருவிகள் இப்போது கைக்கெட்டும் தூரத்தில். கூப்பிட்டவர் பெயர், நேரம், கேட்ட கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றைக் கட்டில் குறித்த பிறகுதான் இரண்டாம் ஆள் ஒப்புதல் தரலாம். கணக்காளர் தயாரிப்பார், ஒரு வக்கீல் விடுவிப்பார். சீனியரே மெயிலில் ‘அவசரம், உடனே அனுப்பு’ என்று சொன்னாலும் இந்த விதி மாறக்கூடாது. அதை சீனியரே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் குமாஸ்தாவும் அவரை எதிர்த்துக் கேட்க மாட்டார்.

‘முதலில் சின்னத் தொகை அனுப்பிப் பார்க்கலாம்’ என்று சிலர் செய்வார்கள். பயனில்லை. ‘வந்துவிட்டது’ என்று பதில் மெயில் போடுபவனும் திருடன்தான்.

கட்சிக்காரருக்குக் கொடுக்கும் ஒப்பந்தக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறியதாக மெயிலில் ஒருபோதும் தெரிவிக்க மாட்டோம், அப்படி வந்தால் எங்களை அழையுங்கள்.

டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும்: உங்கள் பெயரில் வரும் மெயில் உண்மையா என்று பெறுபவரின் சர்வர் சோதிக்க உதவும் பதிவுகள் இவை. டிமார்க்கை எடுத்தவுடன் ‘ரிஜெக்ட்’ நிலையில் வைத்தால் பில் அனுப்பும் மென்பொருள், வெப்சைட் படிவம் இவற்றின் மெயில் எல்லாம் காணாமல் போகும். ‘நன்’ நிலையில் (எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும்) சில வாரம் விட்டு, வரும் அறிக்கையில் உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் டிகிம் கையெழுத்து வைத்து, பிறகு ‘குவாரன்டைன்’, அதன்பின் ‘ரிஜெக்ட்’. எஸ்பிஎஃப் பதிவில் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் சோதனையே பிழையாகிவிடும். ஒவ்வொரு சேவையையும் ‘இன்க்லூட்’ என்று சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் இங்கேதான் இடறுவார்கள். இவ்வளவு செய்தாலும் உங்கள் டொமைனை அப்படியே போலி செய்வது மட்டும்தான் நிற்கும். ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதிப் பதிவு செய்த டொமைனுக்கு அவன் தானே சரியான டிமார்க் வைத்திருப்பான்.


மதில்மேல் பூனை:

பதினாறு பேர் அலுவலகத்துக்கு இதெல்லாம் கொஞ்சம் ஓவர் இல்லையா? நாஸைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒன்டிரைவில் சிங்க் போட்டால் பேக்கப் பிரச்சினையும் முடிந்தது, வீட்டிலிருந்து வேலை பிரச்சினையும் முடிந்தது.


நள்ளிரவு அட்மின்:

வீட்டு வேலை பிரச்சினை முடியும், ஒப்புக்கொள்கிறேன். பேக்கப் முடியாது. சிங்க் என்றால் இங்கே கெட்டது அங்கேயும் கெடும். ஒன்டிரைவை 30 நாள்வரை பின்னோக்கிச் சுருட்டலாம், அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னில் 93 நாள் இருக்கும். உண்மையிலேயே கைகொடுக்கும் வசதிதான். ஆனால் அட்மின் கணக்கு போனால் திருடன் அதையும் காலி செய்துவிட்டுத்தான் போவான். ஒரு ஜூனியர் தவறாக அழித்த ஃபோல்டரை நான்கு மாதம் கழித்து, வாய்தாவுக்கு முந்தின நாள் தேடும்போதும் 93 நாள் போதாது.

அந்த யுஎஸ்பி டிஸ்க் பேக்கப்பே அல்ல. நாஸில் எழுத முடிகிற வைரஸ் அதிலும் எழுதும். நாஸை இணையத்தில் நேரடியாகத் திறந்து வைத்திருந்தால் இன்னும் மோசம்: 2021-இல் கியூலாக்கர், 2022-இல் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர்கள் இரண்டும் க்யூநேப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை அப்படித்தான் பூட்டின. கியூலாக்கர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, 7-ஜிப்பால் பாஸ்வேர்ட் வைத்துச் சுருக்கியது, அவ்வளவுதான்.

குறைந்தபட்சம் இப்படி வையுங்கள். இரண்டு டிஸ்க், வாரம் மாற்றி வாரம். ஒன்று செருகியிருக்கும்போது மற்றது கட்டிடத்துக்கு வெளியே. கூடவே கிளவுடில் ஆப்ஜெக்ட் லாக் போட்ட ஒரு பிரதி, காலம் முடியும்வரை அட்மினாலும் அழிக்க முடியாத ‘கம்ப்ளையன்ஸ்’ முறையில். பேக்கப் கணக்கின் பாஸ்வேர்ட் அலுவலகத்தின் வேறு எந்த லாகினோடும் ஒத்துப்போகக் கூடாது. கணினிகள் பேக்கப் பெட்டிக்குள் எழுதுவதைவிட, பேக்கப் பெட்டி தானே வந்து எடுத்துக்கொள்வது நல்லது. அப்போது கணினி கெட்டாலும் அதற்குப் பேக்கப்பைத் தொட உரிமை இருக்காது.

மீட்பு நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 2 டிபியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கினால் ஒரு நொடி வீணாகாமல் ஓடினாலே 44 மணி நேரம். நடைமுறையில் மூன்று நாள் என்று வையுங்கள். நீதிமன்றம் மூன்று நாள் காத்திருக்காது. அதனால் நடப்பு வழக்குகளின் ஃபோல்டர் தனியாக, முதலில் மீளும்படி. அடுத்த 30 நாள் வாய்தா பட்டியல், காலக்கெடுக்கள், கட்சிக்காரர் போன் எண்கள் மூன்றையும் வாரம் ஒருமுறை காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். சர்வர் போன காலையில் முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது பழைய கட்டு ஒன்றை மீட்டுத் திறந்து பாருங்கள். ‘பேக்கப் வெற்றி’ என்று தினமும் மெயில் வருவது மீட்க முடியும் என்பதற்குச் சாட்சி அல்ல. பாஸ்வேர்ட் மறந்துபோன பேக்கப்பும், காலி ஃபோல்டரைப் பிரதி எடுத்த பேக்கப்பும் அதே மெயிலைத்தான் அனுப்பும்.


ஏட்டுச்சுரை:

மேலே சொன்னவை எல்லாம் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். வக்கீல் அலுவலகத்துக்கே உரிய இரண்டு மூன்றைச் சேர்க்கிறேன்.

ஆவணத்தை நாமே கசியவிடுவது. 2019 ஜனவரியில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மனஃபோர்ட்டின் வக்கீல்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிடிஎஃப்பில் கறுப்புப் பட்டை போட்டு மறைத்த வரிகளை, நிருபர்கள் காப்பி செய்து வேறிடத்தில் பேஸ்ட் செய்தே படித்துவிட்டார்கள். ஹேக்கர் யாரும் தேவைப்படவில்லை. கறுப்புச் செவ்வகம் வரைவது எழுத்தின் மேல் ஒரு படத்தை ஒட்டுவதுதான். எழுத்து அடியில் அப்படியே இருக்கிறது. பிடிஎஃப் மென்பொருளில் ‘ரிடாக்ட்’ கருவியால் குறித்து, ‘அப்ளை’ கொடுத்து, மறைதகவலை நீக்கி, புதிய பெயரில் சேமிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். மறைத்த பெயரைத் தேடியும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 300 டிபிஐயில் படமாக மாற்றி அனுப்புங்கள். வேர்டில் ‘டிராக் சேஞ்சஸ்’, கமென்ட் இரண்டும் எதிர்த்தரப்புக்குப் போகும் முன் டாக்குமென்ட் இன்ஸ்பெக்டரில் நீங்க வேண்டும். எக்செல் அட்டவணையை வேர்டுக்குள் ‘எம்பெட்’ செய்தால் முழு எக்செல் கோப்பும் உள்ளே போகும், ஒட்டின பகுதி மட்டுமல்ல. பலருக்கு இது தெரியாது.

எல்லோருக்கும் எல்லா ஃபோல்டரும் என்பதை மாற்றுங்கள். ஒரு ஜூனியரின் லாகின் போனால் அவர் பார்க்கும் நான்கு வழக்கு போகட்டும், நாற்பது வருட வழக்கும் போக வேண்டாம். வழக்குக்கு ஒரு குழு அமைத்து, ஆளைக் குழுவில் சேருங்கள். ஃபோல்டரில் நேரடியாக ஆள் பெயரைச் சேர்த்தால் ஆறு மாதத்தில் யாருக்கு எது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. முடிந்த வழக்குகளைப் படிக்க மட்டும் என்று ஆக்கி வேறிடத்துக்கு மாற்றுங்கள். வைத்திருக்க வேண்டிய காலம் தாண்டியதை எழுத்தில் குறித்து அழியுங்கள்.

எதிர்த்தரப்போ கட்சிக்காரரோ தரும் பென்டிரைவ். ‘சந்தேகமான இணைப்பைத் திறக்காதே’ என்ற அறிவுரை இங்கே செல்லாது. வந்ததைத் திறப்பதுதான் நம் தொழிலே. நெட்வொர்க் இல்லாத ஒரு பழைய கணினியை இதற்கென்றே ஒதுக்குங்கள். சான்றாகப் பயன்படக்கூடியது என்றால் ரைட் பிளாக்கர் (எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) வழியாக மட்டும் செருகி, திறக்கும் முன்பே ஷா-256 ஹாஷ் (உள்ளடக்கம் மாறவில்லை என்று காட்டும் கைரேகை எண்) எடுத்துக் குறித்துவையுங்கள். மெயிலில் பாஸ்வேர்ட் போட்ட ஜிப் வந்து, பாஸ்வேர்டும் அதே மெயிலில் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள்: ஸ்கேனர் உள்ளே பார்க்கக்கூடாது என்பதற்காகவே அப்படி அனுப்புவார்கள். உள்ளே ஐஎஸ்ஓ (டிஸ்க் பிரதி), எல்என்கே (ஷார்ட்கட்) வகைக் கோப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம், திறக்காதீர்கள்.


கோப்புக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. 3389 மூடியாகிவிட்டது, லாகில் தெரியாத ஐபி எதுவும் இல்லை. இரண்டு கேள்வி பாக்கி. ஒருவருடைய மெயில் களவு போனது தெரிந்தால் பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா? அந்த 60 கேள்விப் படிவத்துக்கு என்ன செய்வது?


சாட்சிக் கூண்டு:

பாஸ்வேர்ட் மட்டும் போதாது. வரிசை இது: அந்தக் கணக்கின் எல்லா செஷனையும் ரத்து செய்யுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், இரண்டாம் காரணிப் பட்டியலில் திருடன் தன் போனைச் சேர்த்திருக்கிறானா என்று பார்த்து நீக்குங்கள், இன்பாக்ஸ் விதிகளைப் பாருங்கள். திருடன் வைத்த விதியின் பெயர் வெறும் ஒரு புள்ளியாக இருக்கும், ‘பேமென்ட்’ ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் வரும் மெயில்களை ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டருக்குத் தள்ளும். உரியவர் கண்ணில் பதில் படக்கூடாது என்பதற்காக. கடைசியாக, கணக்கில் அனுமதி பெற்ற ஆப்கள். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் ஆப்புக்குக் கொடுத்த அனுமதி நிற்கும்.

பிறகு மைக்ரோசாஃப்ட் 365-இன் ஆடிட் லாகை (கணக்கில் நடந்தவற்றின் பதிவேடு) இறக்கிவையுங்கள். சாதாரண உரிமத்தில் 180 நாள்தான் இருக்கும். எந்த மெயில் படிக்கப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. கட்சிக்காரர்களிடம் சொல்ல வேண்டுமா என்ற முடிவும் அதைப் பொறுத்தது. ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் தகவல் என்றால், தெரிந்ததிலிருந்து 72 மணி நேரத்தில் ஒழுங்காற்று அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 2018-ஆம் ஆண்டு 483-ஆம் கருத்துரை, தகவல் கசிந்தால் நடப்புக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்கிறது. இதைப் பற்றிய பேச்சை அதே மெயிலில் நடத்தாதீர்கள், அவனும் படிப்பான். பணம் போயிருந்தால் வங்கிக்கு முதல் போன், மற்றதெல்லாம் அதற்கப்புறம். மோசடி மெயிலை ஃபார்வர்ட் செய்தால் ஹெடர் (மெயில் வந்த வழியைக் காட்டும் தகவல்) போய்விடும், ஈஎம்எல் கோப்பாகச் சேமியுங்கள்.

கணினியில் ரேன்சம்வேர் மிரட்டல் திரையே வந்துவிட்டால், ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், கணினியை மட்டும் அணைக்காதீர்கள். விசாரிக்க வருபவருக்கு நினைவகத்தில் இருப்பது தேவைப்படும்.


ஏட்டுச்சுரை:

படிவத்துக்கு: இல்லாததை ‘ஆம்’ என்று எழுதாதீர்கள். பின்னால் கசிவு நடந்தால் அந்தத் தாள்தான் முதலில் எடுக்கப்படும். இணையக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் விண்ணப்பத்துக்கும் இதே பேச்சுதான். ‘எல்லோருக்கும் இரண்டாம் காரணி உண்டா?’ என்ற கேள்விக்கு, ஜெராக்ஸ் மெஷின் கணக்கு விடுபட்டிருந்தால் பதில் ‘பகுதி’. ‘இல்லை’ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் பொறுப்பாளரையும் முடிக்கும் தேதியையும் எழுதி, சீனியரின் கையெழுத்தோடு அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து அவர்கள் திரும்பக் கேட்பது அந்தத் தேதிகளைத்தான். அதனால் நிறைவேற்ற முடிகிற தேதியாகப் போடுங்கள்.